வருஷ எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி

காசை விளிம்பில் மட்டும் பிடித்து, வலக்கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியைச் செருகி, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார் கடிகாரக்காரர். வெள்ளிக்காசை விளக்கு போட்டுப் பார்ப்பதில்லை. “பல்பு வாய் கூசாம பொய் சொல்லும்” என்பார். காலையில் வெயில் நேராக விழுவதற்கு முன் ஒரு மணி நேரம். அதற்குள் பார்த்ததுதான் பார்வை.

ஓடாத கடிகாரங்களை ஓட வைப்பவர்தான். தெருவுக்கோ அவர் ‘புள்ளிக்காரர்’. ஒரே ராஜா தலை, ஒரே வருஷம், ஒரே எடை என்று இருக்கும் காசுகளில், வருஷ எண்ணுக்குக் கீழே கடுகில் பாதி அளவு ஒரு புள்ளி இருந்தால் அது சின்ன நாணயச்சாலையில் அடித்தது, கிடைப்பது அபூர்வம். இல்லாவிட்டால் பெரிய நாணயச்சாலையில் மூட்டை மூட்டையாக அடித்தது. வெள்ளி விலைக்குத்தான் போகும். அவர் “இருக்கு” என்றால், பழங்காசு வாங்குகிறவர்கள் மறுபேச்சில்லாமல் எடுத்துப் போவார்கள். விரலுக்கும் வேலை உண்டு: “புடைச்சிருந்தா அச்சு, குழிஞ்சிருந்தா அடிபட்டது.”

இந்தக் காசு தேய்ந்து வழவழவென்று இருந்ததால் விரலுக்கு வழியில்லை. மாடி வீட்டுத் தையற்காரி கொண்டுவந்தது.

“பேஸ்ட் போட்டு நல்லா தேய்ச்சுக் கொண்டாந்திருக்கேண்ணே, பளபளன்னு.”

“அடிப்பாவி! ராஜாவோட மூக்கையே கழுவி ஊத்திட்டியேம்மா!”

அது செவ்வாய்க்கிழமை. திட்டி முடித்தபின் பார்த்தார், புள்ளி இருந்தது. அவர் சொல்லை நம்பி, வெள்ளி விலை தருவதாகச் சொன்ன நகைக்கடைக்காரரை அவள் திருப்பி அனுப்பிவிட்டாள். அவளுடைய மெஷின் மோட்டார் எரிந்து பத்து நாளாகிறது. இன்று பதினொரு மணிக்குப் பழங்காசு வியாபாரி வருகிறார். புள்ளிக்காரர் வாயால் ஒரு தடவை சொன்னால் போதுமாம்.

இன்று புள்ளியைக் காணோம்.

கண்ணாடியைத் துடைத்தார். இருந்தது. காசைக் கொஞ்சம் சாய்த்தார். எண்ணுக்குக் கீழே இருந்தது எண்ணுக்கு மேலே ஏறி நின்றது. தூசியோ என்று ஊதினார். மறுபக்கம் திருப்பினால் ராஜாவின் கன்னத்தில்!

“என்னம்மா இது, ராஜாவுக்கு மச்சம் முளைச்சிருக்கு?”

“விளையாடாதீங்கண்ணே. இருக்கா இல்லையா?”

“இருக்கு... இரு, இரு. இல்ல. செவ்வாக்கிழமை குடுத்த காசுதானே இது?”

“என்கிட்ட இருக்கறதே ஒத்தக் காசு!”

அவர் அலமாரியிலிருந்து தன் சொந்தக் காசு ஒன்றை எடுத்தார். புள்ளியில்லாத ரகம் என்று தன் கையாலேயே காகிதத்தில் எழுதி மடித்து வைத்தது. அதிலும் எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி.

பின்னால் வந்து நின்ற மனைவி மெதுவாகச் சொன்னாள்: “நேத்து தட்டுல எறும்பு ஓடுதுன்னு எழுந்து ஓடினீங்க. நான் பார்த்தா ஒண்ணுமில்ல. கண் டாக்டர்கிட்ட போலாம்னா, ஊருக்கே கண்ணு நான்தான்னு பேசறீங்க.”

“எறும்பு வேற, அச்சு வேறடி.”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். “புள்ளிக்காரரே, இருக்கீங்களா?”

தையற்காரி அவர் முகத்தையே பார்த்தாள். “அண்ணே, நீங்க எது சொன்னாலும் சரி. சொல்லிடுங்க.”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். எதிரே போன மாதம் வெள்ளையடித்த சுவர். அதில், ஆள் உயரத்தில், ஒரு கறுப்புப் புள்ளி.

“அங்க ஏதாவது இருக்காம்மா?”

“எங்கண்ணே? வெறும் சுவரு.”

வியாபாரி உள்ளே வந்தார். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாமல், கடிகாரக்காரர் எழுந்து சுவரண்டை போய், கட்டைவிரல் நகத்தால் வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.