ஏசுரத்தினம் அண்ணன் கண்ணை மூடிய நேரம்

ஏசுரத்தினம் அண்ணனுக்கு ஒரு கண்தான். சின்ன வயதில் அம்மை வந்து இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த வலது கண்ணை வைத்துச் சித்தூர் ஜில்லா முழுக்க டெலிபோன் கேபிள் இணைத்தார், தன் பெண்களைக் கட்டிக்கொடுத்தார். செம்புக் கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று நாக்கு நுனியை வைத்துப் பார்க்கிற மனுஷன். சுர்ரென்று இழுத்தால் சிரிப்பார்.

மிஷன் கோயில் குடும்பம் வேறு. ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்வார். கூட வேலை பார்த்த அவசரக்காரனான எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எண்பத்தொன்பதில் எங்கள் காண்ட்ராக்டர் ரேணிகுண்டாவுக்கும் திருப்பதிக்கும் நடுவே கண்ணாடி இழைக் கேபிள் போடும் வேலையை எடுத்தார். அதில் பேச்சு ஒளியாகப் போகும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுத்துவிடும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள்.

அன்றைக்கு ரேணிகுண்டா முனையில் இழை நுனியிலிருக்கும் கனெக்டரைத் துடைத்து அழுக்குப் பார்க்க வேண்டும். திருப்பதி முனையில் இருந்த தாமோதரனுக்கு, ஒளியை அணைக்கச் சொல்லி அண்ணன் போன் போட்டார்.

"ஆஃப் பண்ட்டேன்ணா" என்றான் அவன்.

அண்ணன் நுனியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துச் சின்ன மைக்ராஸ்கோப்பில் செருகினார்.

"இருணா, ஒளி வருதான்னு மொதல்ல மீட்டர் வச்சிப் பாத்துக்கலாம்" என்றேன்.

"இருட்டாத்தானடா கீது? வெளிச்சம் வந்தா எனக்குத் தெரியாதா? போடா!"

மைக்ராஸ்கோப்பைக் கண்ணருகே கொண்டுபோனார். வழக்கம்போல் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. இவர் ஜெபம் முடிகிறவரை எதற்குச் சும்மா நிற்பது என்று கனெக்டரை உருவி மீட்டரில் செருகினேன்.

முள் சடாரென்று ஏறியது. இழையில் ஒளி வந்துகொண்டே இருந்தது.

"யோவ், கண்ணத் தொறக்காதய்யா!" என்று கத்தினேன். கனெக்டரைத்தான் உருவிவிட்டேனே, இனி ஆபத்தில்லை என்பதுகூட அப்போது தோன்றவில்லை. அண்ணன் கண்ணைத் திறந்து முள்ளைப் பார்த்தார். முகம் வெளுத்துப் போயிற்று.

மறுபடி போன் போட்டேன். "ஐயையோ! ரெண்டு இழை கீதுணா, நான் இன்னொண்ண ஆஃப் பண்ட்டேன்" என்று தாமோதரன் அழுதேவிட்டான். பாவி!

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"சம்பத்து, இப்டித்தானடா இருந்திருக்கும்?" என்றார்.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு நான் மீட்டர் வைத்து முள் அசையவில்லை என்று சொன்ன பின்புதான் அவர் ஜெபம் ஆரம்பிப்பார். அவர் ஆமென் சொல்லும்வரை நான் வாயைத் திறக்கமாட்டேன்.