ஐந்து மணி என்று எழுதியவன்

நான் அந்தக் கடற்கரை ஊருக்கு ஒருமுறைகூடப் போனதில்லை. ஏழு முறை போய்வந்ததாகச் சொல்லியிருக்கிறேன். அதை நம்பிப் போன ஒருவர் இப்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறார்.

இதைச் செல்வியிடம் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்குக் குழம்பு கொடுத்தனுப்புகிறவர் இல்லை, உங்களிடம் இழக்க எனக்கு எதுவும் இல்லை. கோழைத்தனம்தான்... தெரியும்.

புனேயில், ஹடப்சரில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறேன். ஊர் கோயம்புத்தூர், பிழைப்பு கணினி. கீழ்வீட்டில் செல்வி, அவள் கணவர் மணி, மகள் காவ்யா. மணிக்கு ரஞ்சன்காவ் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. அந்தக் கட்டடத்தில் தமிழ் கேட்கும் வீடுகள் எங்கள் இரண்டும்தான்.

நான் குடிவந்த முதல் வாரமே செல்வி கேட்டாள்: "அண்ணி எப்ப வருவாங்கண்ணா?"

அப்போது எனக்கு விவாகரத்தாகி நான்கு மாதம். ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். வாய் வரவில்லை. "கோயம்புத்தூர்ல வேலைங்க. சேந்தாப்பல லீவு கெடைச்சா மும்பைக்கு வந்துருவா. ரெண்டு நாள் கொங்கண் பக்கம் கடலுக்குப் போயிட்டு வருவோம்ங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தக் கடல்? காலையில் செல்பேசியில் பார்த்த ஒரு படம்... அவ்வளவுதான்.

சொல்லிவிட்டால் அதன்படி வாழவும் வேண்டுமே. தொடர் விடுமுறை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவேன். புனேயிலேயே, சுவார்கேட் பேருந்து நிலையத்தருகே ஒரு லாட்ஜில் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பேன். திரும்பும்போது இதே நகரத்துக் கடையில் செல்விக்கு, கொங்கணில் பேர்போன கோகம் புளிச் சர்பத் ஒரு பாட்டில் வாங்குவேன். மீன்தொட்டி விற்கிற கடையில் காவ்யாவுக்கு ஒரு கைப்பிடி கிளிஞ்சல். குழந்தை அதைக் காதில் வைத்துக்கொண்டு, "கடல் கேக்குது மாமா" என்பாள். கூசும். அடுத்த முறையும் வாங்குவேன்.

போன வருடம் ஒருநாள் செல்வி மேலே வந்தாள். "அண்ணா, இவருக்கு ரெண்டு நாள் சுட்டி கெடைச்சிருக்கு. பாப்பா தன் கையாலயே கிளிஞ்சல் பொறுக்கணும்னு ஒரே ஜித்து. உங்களுக்குத்தான் அந்த ஊரு ஏக்தம் தெரியுமே, பிளான் போட்டுக் குடுங்க." சுட்டி என்றால் விடுமுறை, ஜித்து என்றால் பிடிவாதம், ஏக்தம் என்றால் முழுக்க. புனேயை அடுத்த தேஹு ரோட்டில் பிறந்து வளர்ந்தவள், அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

மறுத்திருக்கலாமே என்கிறீர்களா? மூன்று மாலை அவர்கள் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். செல்வி டீ கொடுத்தாள், காவ்யா என் முழங்காலில் சாய்ந்துகொண்டு நோட்டை எட்டிப் பார்த்தாள். எந்தப் பேருந்து, எந்த வீட்டில் தங்குவது, எங்கே மீன் சாப்பாடு... எல்லாம் முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதியவை. "அண்ணிக்கு அங்க என்ன பிடிக்கும்?" என்று செல்வி கேட்டாள். "கோயிலுக்குப் பின்னால பாறை வழியாச் சுத்தி வரலாம்ங்க. கடைசிப் பாறையில உக்காந்தா அவ எந்திரிக்கவே மாட்டா" என்றேன். சொல்லும்போது அவள் அங்கே உட்கார்ந்திருப்பதை நானே பார்த்தேன்! அந்த மூன்று மாலைகளைப்போல இந்த ஊரில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

'முதல் நாள் மாலை ஐந்து மணி, பாறை வழி' என்று நோட்டில் எழுதினேன். யாரோ ஒருவர் ஐந்து மணிக்குப் போனதாக எழுதியிருந்தார். அவர் போனது வேறொரு மாதம். கடல் ஏறுவதும் இறங்குவதும் நாளுக்கு நாள் நேரம் மாறும் என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த தண்ணீர், முறை வைத்துக் குழாயில் வருவது.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை. பாதி வழியில் பின்னால் தண்ணீர் ஏறிவிட்டது. மணி குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பியபோது பாசியில் வழுக்கி, முழங்கால் பாறையிடுக்கில் சிக்கி முறிந்தது. மீன்பிடிக்கிறவர்கள் மூன்று பேரையும் இழுத்துக் கரை சேர்த்தார்கள்.

மணியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம், கேட்டால் ஒப்புக்கொள்வது என்றுதான் இருந்தேன். மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க எழுதிக் குடுத்தது பக்கா சார். இவதான் வளையல் கடையில அரை மணி நேரம் நின்னுட்டா." செல்வி தலை நிமிரவில்லை. அவள் கையில் புதுக் கண்ணாடி வளையல்கள் இருந்தன.

நான் வாயைத் திறக்கவில்லை.

வீடு திரும்பி அந்த நாளின் கடல் நேரத்தைத் தேடிப் பார்த்தேன். இரண்டு மணிக்கே தண்ணீர் ஏறத் தொடங்கியிருக்கிறது. சரியாக ஐந்துக்குப் போயிருந்தாலும் அதே கதிதான். வளையல் கடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

நின்று செய்கிற வேலைக்கு மணியைத் திரும்பக் கூப்பிடவில்லை. இப்போது ஒரு குடியிருப்பின் வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருக்கிறார். கால் வலிக்கிறபோதெல்லாம் வளையல் பேச்சு வரும். மாடிப்படியில் ஏறும்போது என் காதில் விழும். செல்வி இப்போது வளையலே போடுவதில்லை.

என் ஒரு வாக்கியம் போதும், அவள் தலை நிமிர. ஆனால் ஐந்து மணியைச் சொன்னால் போகாத ஊரைச் சொல்ல வேண்டும். ஊரைச் சொன்னால் இல்லாத மனைவியைச் சொல்ல வேண்டும். பிறகு யார் எனக்குக் கதவைத் திறப்பார்கள்? இந்தக் கணக்கைத்தான் ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நானே ஜெயிக்கிறேன்... அவள் தோற்கிறாள்.

நேற்று மாலை செல்வி மேலே வந்தாள். கையில் குழம்புக் கிண்ணமும் அந்தப் பழைய நோட்டும்.

"பாப்பா மறுபடியும் கடல் கேக்குறாண்ணா. நீங்களும் அண்ணியும் கூட வந்தா வரேன்றாரு இவரு. நேரமெல்லாம் நீங்க பாத்துக்கோங்க." நோட்டை நீட்டினாள். "இந்த தடவ நான் எங்கயும் நிக்க மாட்டேண்ணா."

இதற்கு மேல் ஒரு வாய்ப்பு எவனுக்கு அமையும்? நோட்டை வாங்கிக்கொண்டேன். "அண்ணிகிட்ட கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.