அக்கா கொடுத்த சிறுநீரகம்

ஹோட்டல் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மடித்த படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கத்தைக் காட்ட முடியாது. யார் யாரோ படுத்துப் புரண்ட விரிப்புகளின் கறைகளை முகம் சுளிக்காமல் அலசிப் போடுகிறவள்.

சில வருடங்களுக்கு முன் அவளுடைய சிறுநீரகங்கள் கைவிட்டபோது அக்காதான் ஒன்றைக் கொடுத்தாள். பெரிய மனசு, மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும் தங்கையின் அடிவயிற்றைத் தட்டி, "உள்ள இருக்கறது நம்ம சரக்கு" என்பாள். மடிப்பு பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைப்பாள். வாங்கிக்கொண்டவள் என்ன பேச முடியும்?

ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்த்தார்கள். முடிவு கேட்கப் போனபோது அக்காவும் கூடவே வந்து உட்கார்ந்தாள்.

"இது வழக்கமா வர்ற மார்புப் புற்றுநோய் இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "நிணநீர்ப் புற்று. புதுக் கிட்னியை உடம்பு ஒதுக்கிடாம இருக்க மாத்திரை சாப்பிடறீங்கல்ல, அது எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்குது. அப்படி இருக்கறவங்களுக்கு ரொம்ப அபூர்வமா மார்புல இப்படி வரும்."

"மார்பை எடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள் மடிப்பு.

"வேண்டியிருக்காது. மொதல்ல மாத்திரையைக் குறைக்கணும். கூடவே மருந்து ஏத்துவோம். மருந்துக்குக் கட்டி கேக்கறதுக்கு நல்ல வாய்ப்பிருக்கு."

அக்கா நாற்காலி நுனிக்கு வந்தாள். "குறைச்சா என் கிட்னி வீணாப் போயிடாதா? அதுக்கா வயித்தைக் கிழிச்சுக் குடுத்தேன்?"

மடிப்புக்கு வாயில் புளித்த நீர் ஊறியது. புற்று என்று கேட்டபோதுகூட வராத குமட்டல்.

"குறைச்சிடுங்க டாக்டர்" என்றாள்.

மருந்து ஏறிய மாதங்களில் முடி கொட்டியது, சோறு இறங்கவில்லை. அக்கா போனில் கிட்னி ரிப்போர்ட்டை மட்டும் விசாரிப்பாள். கட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சிறுநீரகம் சற்றுத் தடுமாறி நிமிர்ந்துகொண்டது. கட்டி கரைந்தேபோனது.

சேதி கேட்டு அக்கா பக்கத்து வீட்டம்மாவோடு வந்தாள். "என் கிட்னி தாங்குச்சு பாத்தீங்களா" என்று வயிற்றைத் தட்டக் கை நீட்டினாள். மடிப்பு அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"தொடாதக்கா. அருவருப்பா இருக்கு."

"நான் குடுக்கலைன்னா நீ ஏதுடி?"

"நான் இல்லதான். ஆனாலும் தொடாத."

அக்கா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போனவள்தான், பேச்சுவார்த்தை நின்றது. மடிப்பு வேலைக்குத் திரும்பிவிட்டாள். கூடப்பிறந்தவள் போனாளே என்று அழுகை வரும் என எதிர்பார்த்தாள். இன்னும் வரவில்லை.