சுண்ணாம்புக் கோடு

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கெஞ்சப் போவதில்லை. 1978 அக்டோபர், ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் 5.10 முதல் 5.40 வரை. அந்த அரை மணி நேரம் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்குத் தெரியும். அது போதும்.

அப்போது நான் சர்வேயர். திருவண்ணாமலை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, இடிந்து மறைந்துபோன பழைய ரயில் கட்டடங்கள் எங்கெங்கே இருந்தன என்று தேடிக் குறிக்கும் வேலை. கையில் ஒரு பழைய வரைபடம். டேப் பிடிக்க இருசப்பன். கீழ்பென்னாத்தூர்க் கொத்தனார், என் வயதுதான் இருக்கும்.

சரக்குக் கொட்டகை, தண்ணீர்த் தொட்டி இரண்டின் தடத்தையும் மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டோம். கடைசியாக விளக்கறை. சிக்னல் விளக்குகளைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற சின்ன அறை. புல்லைச் செதுக்கியதும் நாலு பக்கமும் அஸ்திவாரச் செங்கல் தெரிந்தது. பன்னிரண்டடிக்குப் பத்தடி. அதன்மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு போட வேண்டும். படத்தில் வாசலுக்கு இடைவெளியே இல்லை. வரைந்தவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

"வாசல் விடாம கோட்ட மூடக் கூடாது சார். அதுவும் உள்ள நின்னுகிட்டு," என்றார் இருசப்பன். "எங்க வேலையில அப்படிச் செய்ய மாட்டோம்."

"இது என்ன குடித்தனம் பண்ற வீடா? கடப்பாரைய டீக்கடையில திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

எனக்கு ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. உள்ளே நின்றபடியே கடைசி அடியையும் போட்டு முடித்தேன். மணி 5.10.

வெளியே இருந்த பையை எடுக்கக் காலை நீட்டினேன்... முட்டி எதிலோ இடித்தது.

சுவர். கண்ணுக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது. சொரசொரவென்று, லேசான சூட்டோடு.

நாலு பக்கமும் தடவினேன். எங்கும் சுவர். மலை தெரிகிறது. ரோட்டில் பஸ் போகிறது. ஆனால் ஒரு சத்தமும் கேட்கவில்லை.

5.20. மண்ணெண்ணெய் வாடை. மூச்சு முட்டியது.

5.25. இருசப்பன் வந்துவிட்டார். என்னிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் நின்றார். 'சார்' என்று கூப்பிடுவது உதட்டசைவில் தெரிந்தது.

கத்தினேன். அவர் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தார்.

வெட்கமில்லாமல் அழுதேன்.

5.35. தட்... தட்... தட்...

எனக்குப் பின்னால். உள்ளேயிருந்து.

யாரோ மூச்சு விட்டார்கள்.

என் சட்டையை... பிடித்தார்கள்.

இருசப்பன் குனிந்து கோட்டைச் சுற்றிலும் பார்த்தார். முகம் மாறியது. செருப்புக் காலால், ஒரு வாசல் அகலத்துக்கு மூன்றடிக் கோட்டை அவசரமாக அழித்தார்.

வெளியே வந்து விழுந்தேன். மணி 5.40.

இருவரும் டீக்கடைக்கு நடந்தோம். இருசப்பன் கடைக்காரம்மாவிடம், "மூணு டீ," என்றார்.

"எதுக்கு மூணு?" என்றேன்.

"உங்க பின்னாலயே வந்தாரே சார், சட்டையப் புடிச்சிகிட்டு. அவருக்கு."

திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. டீ வந்தது. என் கிளாஸை நான் இன்னும் தொடவில்லை. இருசப்பன் இன்னும் ஊதிக்கொண்டிருந்தார். பெஞ்சு ஓரத்தில் வைத்த மூன்றாவது கிளாஸ் காலியாக இருந்தது.

மூன்று வருடம் கழித்து, அடி அண்ணாமலையில் முருகையன் என்பவரைச் சந்தித்தேன். ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். விளக்கறையைப் பற்றிக் கேட்டேன்.

"விளக்கு வெடிச்சி, சடையன்னு ஒருத்தன் உள்ளயே வெந்து போயிட்டான். அதுக்கப்புறம் பொழுது சாஞ்சா அந்த வாசல்ல யாரும் போக முடியாது. பின்னாலேர்ந்து சட்டையப் புடிச்சிக்குவான். செங்கல் வச்சி வாசல அடைச்சோம். அப்புறம்தான் அடங்குனான்."

அன்று என் கையிலிருந்தது, வாசலை அடைத்த பிறகு வரைந்த படம். வரைந்தவர் எதையும் மறக்கவில்லை.

அந்த அறைக்கு வாசல் கிடையாது. அதை வைத்தது நாங்கள்தான்.