ஐ.சி.யு.வுக்குள் போன வம்புச் சண்டை

கொரோனா ஓய்ந்து கல்லூரிகள் திறந்திருந்த நேரம் அது. திருவொற்றியூரில் கடலை ஒட்டிய ஒரு தெருவில், ஒரே அறை கொண்ட வீட்டில் இருந்தோம். அக்காவும் அவளுடைய நாலு வயது மகளும், மகள் வளர்த்த பூனையும் எங்களோடுதான். ஒருநாள் காலை, பாப்பாவைக் குளிப்பாட்ட அக்கா கொதித்த தண்ணீரைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, விளாவுவதற்குப் பச்சைத்தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அதற்குள் பாப்பா ஓடிவந்து அண்டாவோடு சாய்ந்துவிட்டாள். மார்பு, வயிறு, தொடை எல்லாம் வெந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். வெளியே வராண்டாவில் எங்களைப் போலவே பல பேர். ஒருத்தர் குழந்தை மேல் கொட்டியது வடிகஞ்சி, இன்னொருத்தர் குழந்தை மேல் ரசம். எல்லார் வீட்டிலும் அடுப்பு தரையில்தான். பிள்ளைகள் விளையாடுவதும் அதே தரையில்தான்.

எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன் என்பதால், டாக்டர் சொல்வதைக் கேட்டு அக்காவுக்குச் சொல்வது என் வேலை. வயிற்றுக்குள் முட்டையும் பாலும் போனால்தான் புண் ஆறும், இல்லையென்றால் கிருமி உடம்பெல்லாம் பரவி உயிருக்கே ஆபத்து என்றார். பாப்பாவோ வாயைத் திறக்கவே இல்லை. பேச்சும் நின்றுவிட்டது. கிருமிக்குப் பயந்து எங்களை உள்ளே விடவில்லை.

அங்கிருந்த சிஸ்டர் ஒரு வழி சொன்னார். "பழகின குரலை செல்போன்ல பதிஞ்சு குடுப்பா. கவர்ல போட்டு அவகிட்ட வைக்கிறேன்."

அக்கா பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டாள். அதைக் கேட்டுப் பாப்பாவும் அழுதாளாம். நான் பேசியதற்கு அசையவே இல்லையாம். அக்காதான் சொன்னாள்: "எதிர்வூட்டுக்காரிகிட்ட கேளுடா. பாப்பா மல்லுக்கு நிக்கறது அவகிட்டதானே."

எதிர்வீட்டு அத்தை தெருமுனையில் போண்டாக் கடை போட்டிருந்தவர். தண்ணி லாரி வரிசையில் குடத்தை நகர்த்திய தகராறில் அக்காவும் அவரும் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. ஆனால் பாப்பாவுக்கும் அவருக்கும் தினமும் வம்பு. அவர் 'கொசு' என்பார். இவள் 'போண்டா' என்பாள்.

நான் போனபோது அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அடுப்பை அணைத்தார். "துன்றாளா?" என்றார். இல்லை என்று தலையாட்டி, விஷயத்தைச் சொன்னேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார். பேசி முடித்ததும், "இத அழிச்சுடு நைனா, கொரலு ஒரு மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு தபா பேசறேன்," என்றார்.

இரண்டாம் தடவை குரல் கணீரென்று வந்தது. "இன்னாடி கொசு, ஏசி ரூம்ல சொகமா படுத்துகினு கீறியா? உன் பூனைய நான் இட்டுகினு வந்துட்டேன். மீன் தல துன்னுட்டு என் வூட்லதான் தூங்குது. இனிமே அது என் பூன. இன்னா பண்ணுவ?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். சிஸ்டர் போனைப் பாப்பாவின் காதருகே வைத்தார். அவள் கண் திறந்தது. உதடு அசைந்தது. சிஸ்டர் தோள் குலுங்கச் சிரிப்பது தெரிந்தது.

வெளியே வந்து கேட்டார்: "யாருப்பா அது, போண்டா? 'போடி போண்டா, அது என் பூன'ங்கிறா! சாப்பிட்டாத்தான் போய் சண்ட போட முடியும்னேன். அரை முட்டை உள்ள போயிருக்கு."

அக்கா அந்த வராண்டாவிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

அதன்பிறகு தினமும் இங்கிருந்து ஒரு திட்டு போகும், அங்கிருந்து ஒரு திட்டு வரும். சிஸ்டர் பதிந்து தரும் பாப்பாவின் திட்டுகளை அத்தை கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவார். பாப்பா பிழைத்து வீடு வந்தாள். அக்காவும் அத்தையும் ராசியாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது. அப்புறம் தண்ணி லாரி வந்தது, மறுபடியும் சண்டை!

இப்போது மாதவரம் பக்கம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டோம். பாப்பா பள்ளிக்கூடம் போகிறாள். இங்கே எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள், ஆனால் எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. நம் பிள்ளையை எதைச் சொன்னால் சீண்டலாம் என்று தெரிந்த ஓர் ஆள் எதிரில் குடியிருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை, அந்தத் தெருவை நினைக்கும்போதெல்லாம் உணர்கிறேன்.