மன்னிக்கப் போன சனிக்கிழமை

என் மகள் புருஷனை விட்டு வந்த விஷயத்தை நான் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். சிங்கப்பூரில் எங்கள் தமிழ்ச் சபையில் இருபது வருடமாக என் பக்கத்தில் உட்காருகிறவள். "ஜெபத்துல வச்சுக்க" என்றேன். எங்கள் சபையில் அப்படிச் சொல்லிவிட்டு எதையும் சொல்லலாம்.

மறுநாள் காலை, சபையின் வாட்ஸ்அப் குழுவில், மகளின் பெயரோடு அது ஜெப விண்ணப்பமாக வந்திருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். லிஃப்டில் யாரோ ஓர் ஆன்ட்டி மகளின் தோளைத் தட்டி, "கவலப்படாதம்மா, எல்லாரும் ஜெபிக்கிறோம்" என்றிருக்கிறார். அன்று மாலையே மகள் பையைத் தூக்கிக்கொண்டு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டாள். என் போனை எடுப்பதே இல்லை.

நம்பிச் சொன்னவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பெஞ்சை மாற்றினேன். அவளைப் பார்த்துவிடுவேனோ என்று தேக்கா சந்தையில் மீன் வாங்கப் போவதையும் விட்டேன். பகையை வைத்துக்கொண்டு திருவிருந்து எடுக்கக்கூடாது என்பது சின்ன வயதிலிருந்து எனக்குள்ள பயம். அதனால் நான்கு மாதமாக, எல்லோரும் எழுந்து போகும்போது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். தப்பு செய்தவள் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிறாள், எனக்கு ஒன்றுமில்லை. இது என்ன நியாயம் ஆண்டவரே?

கடைசியில், மன்னித்துத் தொலைப்போம் என்று ஒரு சனிக்கிழமை பூன் லேயில் அவள் வீட்டுக்குப் போனேன். ரயிலில் வழியெல்லாம் ஒத்திகை. கதவு திறந்ததும் ஒப்பித்தேன்: "நீ செஞ்சத நான் மன்னிச்சிட்டேன்."

அவள் கையில் கரண்டியோடு விழித்தாள். "பேரப் போட்டது தப்புதான்க்கா. உங்க மக வந்து திட்டினா, சாரி கேட்டுட்டேன். சாப்பிட்டுட்டுத்தான் போனா. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அவளுக்காக உபவாசம் இருக்கேன்லா! உங்களுக்கு நான் என்ன செஞ்சேன்?"

மகளே மன்னித்துவிட்டாள் என்றால், நான் யார் மன்னிக்க?

"அப்ப என்கிட்ட ஏன் பேசமாட்டேங்கிறா?"

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு உங்ககிட்ட கெஞ்சினாளாமே, அக்கா."

கெஞ்சினாள். அது எனக்கு எப்படி மறந்தது என்று இன்றுவரை புரியவில்லை. மறந்ததா, மறந்தமாதிரி இருந்தேனா என்பதும் தெரியவில்லை.

மறுநாள் பழைய பெஞ்சில் உட்கார்ந்தேன். திருவிருந்துக்கு வரிசை எழுந்தது. "வாங்கக்கா" என்று அவள் கையைப் பிடித்தாள். அவள்மேல் இப்போது கோபமில்லை, ஆனாலும் கால் எழவில்லை. பகை என் பக்கம் இல்லை, மகளுக்கு என்மேல் இருந்தது. அதற்கு என்ன முறை என்று யாரைக் கேட்பது?

வெளியே போய், மகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். "நீ சொல்லாதன்னு சொன்னத நான்தாம்மா சொன்னேன்." ஜெபத்துக்காக என்று சேர்க்க வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

உடனே போன் அடித்தது. காதில் வைத்தேன்.

"இதச் சொல்ல நாலு மாசமாம்மா உங்களுக்கு?"

அழுகிறாளா, திட்டுகிறாளா, எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்துவிட்டாளா என்று கேட்கவும் பயம். உள்ளே கடைசி வரிசையும் போய்த் திரும்பிவிட்டது. மகள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.