தை மாதத்து வயிற்றுவலி

சாராயக் கடைகள் திறந்த பிறகு, தை மாதம் அறுவடைக் கூலி கைக்கு வந்ததும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் குடித்துக் கணையம் வீங்கிய ஆண்கள் வந்து படுப்பார்கள். கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுப்புக்குப் போகாத வருஷம், என் கணவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்.

"எவ்வளவு குடிச்சாரு?" என்று கேட்டார் டாக்டர்.

"அவரு தொட்டதே இல்லைங்க. இந்த வருஷம் கூலியும் இல்லைங்க."

அவர் நம்பவில்லை. தை என்றால் சாராயம்தான் என்று அவருக்குப் பழகிப்போயிருந்தது. பித்தப்பைக் கல் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில், எங்களுக்குப் பதிலாக அறுக்க மிராசுதார் வெளியூரிலிருந்து கூட்டிவந்த ஆள் கிடந்தான். வாங்கிய கூலியைக் குடித்தவன். வயலில் பார்த்திருந்தால் என் கணவர் அவன்மேல் பாய்ந்திருப்பார். இங்கே இருவரும் ஒரே மாதிரி முழங்காலை மடக்கிக்கொண்டு முனகினார்கள். அவனைப் பார்க்க யாருமே வரவில்லை.

"அவனுக்கும் கொஞ்சம் உதட்ட நனைச்சு விடு" என்றார் கணவர். இருவருக்கும் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்றிருந்தார்கள்; அவன் உதட்டையும் ஈரத்துணியால் நனைத்தேன். அன்று மாலையே அவன் செத்துப்போனான்.

என் கணவர் பிழைத்து வீடு வந்தார். ஆனால் ஒவ்வொரு தையிலும் வயலில் அறுப்புச் சத்தம் தொடங்கினால் கதவைச் சாத்தச் சொல்வார்.

"அந்த ஆளு முனகுறான். உனக்குக் கேக்கல?"

எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் எழுந்து போய்ச் சாத்திவிட்டு வருவேன்.